மழைச் செய்தியில் காலநிலை மாற்றத்தை எங்கே, எப்படி எழுதுவது?

ஐப்பசியில் முதல் தாழ்வு மண்டலம் உருவானதும் தமிழில் காலநிலை மாற்றம் பேச்சாகிறது. தண்ணீர் வடிந்ததும் பேச்சும் வடிந்துவிடுகிறது. சித்திரை வெயில் கொளுத்தும்போது மறுபடி இரண்டு வாரம் பேசுகிறோம். நம்மில் பெரும்பாலோருக்குக் காலநிலை மாற்றத்தைச் சொல்லிக்கொடுப்பது பாடப்புத்தகமோ ஐ.நா. அறிக்கையோ இல்லை, மழைச் செய்தியும் வெயில் செய்தியும்தான். அந்தச் செய்தியை எழுதும் நிருபர், தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர், யூடியூபில் வானிலை சொல்பவர், தெரு வாட்ஸ்அப் குழுவுக்குத் தகவல் தட்டிவிடுபவர் ஆகியோருக்கானது இந்தக் குறிப்பு.

அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. 2015 பிப்ரவரி 26 அன்று ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட்டர் ஒரு பனி உருண்டையைச் செனட் அவைக்குள் எடுத்துவந்து, வெளியே இவ்வளவு குளிர்கிறதே, புவி வெப்பமாவது எங்கே என்கிற தோரணையில் வீசினார். தமிழ்நாட்டில் அப்படி மறுப்பவர்கள் சொற்பம். இங்கே பேச்சைக் கெடுப்பவை இரண்டு குறுக்குவழிகள். ஒன்று, ‘வரலாறு காணாத மழை, இயற்கையின் சீற்றம்’ என்று எழுதிக் கைகழுவுவது. மற்றது, ‘எல்லாம் காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று முடிப்பது. முதலாவதில் புவி வெப்பமாதல் காணாமல் போகிறது. இரண்டாவதில் ஏரிக்குள் மனை போட்டு விற்றவரும், வடிகாலைப் பாதியில் விட்ட ஒப்பந்ததாரரும், மதகைத் திறக்கத் தாமதித்த துறையும் தப்பித்துவிடுகிறார்கள்.

எனவே ஒவ்வொரு மழைச் செய்திக்கும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். எவ்வளவு பெய்தது? புவி வெப்பமாதல் அதில் என்ன செய்தது? பெய்த தண்ணீர் ஏன் வடியவில்லை? மூன்றுக்கும் மூன்று விடை, மூன்று பத்தி. இரண்டாவது விடையை மூன்றாவதின் இடத்தில் வைப்பதுதான் நம் செய்திகளில் நடக்கும் பெரிய பிழை.

முதலில் சொற்கள்

இன்றைக்கு, இந்த வாரம் என்ன நடக்கிறது என்பது வானிலை. ஓர் ஊரின் பல ஆண்டு வானிலையின் சராசரிப் போக்கு காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுகளை அளவாக வைத்திருக்கிறது. ‘பருவநிலை மாற்றம்’ என்றும் பலர் எழுதுகிறோம். அது கோடை போய் மழைக்காலம் வருவதைச் சொல்வதுபோல ஒலிப்பதால் ‘காலநிலை மாற்றம்’ என்பதையே எங்கும் ஒரே சீராகப் பயன்படுத்துவது நல்லது. இலங்கை வாசகர்களுக்கும் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள தமிழ்ச் செய்திகளில் ‘சீரற்ற காலநிலை’ என்றால் மோசமான வானிலை என்றே பொருள். அந்த வாசகருக்கு ‘காலநிலை மாற்றம்’ என்று மட்டும் எழுதினால் இன்று வெயில், நாளை மழை என்று மாறுவதாகப் புரியக்கூடும். முதல் முறை வரும் இடத்தில் ‘பல ஆண்டுகளாகப் புவி சூடாகிவருவதால் ஏற்படும் காலநிலை மாற்றம்’ என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

அடுத்தது வங்கக் கடலில் உருவாகும் சின்னங்களின் வரிசை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, பிறகு தாழ்வு மண்டலம் (காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ.), ஆழ்ந்த தாழ்வு மண்டலம் (50 முதல் 61), புயல் (62 முதல் 88), தீவிரப் புயல் (89 முதல் 117). தாழ்வுப் பகுதியைப் ‘புயல் சின்னம்’ என்று தலைப்பில் போடும் பழக்கத்தை விடுங்கள். பத்துச் சின்னங்களில் சிலதான் புயலாகின்றன. மற்றவை கலையும்போதெல்லாம் ‘வானிலை மையம் சொன்னது பொய்த்தது’ என்ற எண்ணம் வாசகர் மனதில் ஏறுகிறது. மறுபக்கம், மழை கொட்டுவதற்குப் புயல் தேவையே இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது, அன்று அங்கே புயல் இல்லை.

எவ்வளவு பெய்தது

வானிலைத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. திங்கள் இரவு பெய்த மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வரும். ‘நேற்று ஒரே நாளில்’ என்று எழுதும் முன் இதைப் பாருங்கள். இரண்டு நாள் மழையை ஒரு நாளாக எழுதிவிடுவதும், நள்ளிரவு வரையிலான அளவை மறுநாள் காலை அளவோடு கூட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன.

கனமழை என்றால் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை. மிகக் கனமழை 115.6 முதல் 204.4 வரை. அதற்கும் மேலே அதிகனமழை. இவை அளவுகள், அழுத்திச் சொல்ல விரும்பும்போது தூக்கிப்போடும் அடைமொழிகள் அல்ல. 7 செ.மீ. மழைக்கு ‘அதிகனமழை’ என்று தலைப்பிட்டால் 25 செ.மீ. பெய்யும் அன்று உங்களிடம் சொல் மிச்சமிருக்காது.

சென்டிமீட்டரை வாசகர் கண்ணுக்குக் கொண்டுவர ஒரு கணக்குப் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 1,200 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 111 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 11,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று கிட்டத்தட்ட நிறையும். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. அதே மாடியில் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும், ஒன்பது லாரி. இந்த ஒரு வரி ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது’ என்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

இனி ‘வரலாறு காணாத’. இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும் முன் நான்கு விவரம் கையில் இருக்க வேண்டும்: எந்த நிலையம், எந்தக் கால அளவு (ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம், ஒரு பருவம்), எந்த ஆண்டு முதல் பதிவு உள்ளது, முந்தைய உச்சம் எவ்வளவு. 2015 சென்னை வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நூறு ஆண்டுகளில் இல்லாத மழை’ என்று எல்லோரும் எழுதினோம். அது பாதி சரி. சென்னையில் அந்த நவம்பர் மாத மொத்தம் 1,049 மி.மீ.; அதைவிட அதிகம் பெய்தது 1918 நவம்பரில், 1,088 மி.மீ. ஆக, மாதக் கணக்கில் 97 ஆண்டுகளில் இல்லாதது என்பது உண்மை. ஆனால் நகரை மூழ்கடித்த டிசம்பர் 1, 2 மழையின் ஒரு நாள் அளவு தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நுங்கம்பாக்கம் 1976 நவம்பரிலேயே ஒரே நாளில் 45 செ.மீ. பார்த்திருக்கிறது. தாம்பரத்தின் அளவை எடுத்து நுங்கம்பாக்கத்தின் வரலாற்றோடு ஒட்டினால் எந்தச் சாதனையையும் உருவாக்கிவிடலாம். தானியங்கி மழைமானிகள் பலவும் சமீபத்தில் வைக்கப்பட்டவை. பத்தாண்டு வயதுள்ள மானியின் உச்சம் அந்தப் பத்தாண்டின் உச்சம்தான். அதை அப்படியே எழுதுங்கள்.

‘நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை’ என்பதும் தவறாகவே போய்ச் சேர்கிறது. இப்போது வந்துவிட்டதால் இனி நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்று வாசகர் நினைக்கிறார். அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டும் காலத்துக்குள் அது ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. வாசகருக்கு வேண்டிய எண் இந்த 26. காலநிலை மாறிவருவதால் பழைய கணக்கில் ‘நூறாண்டு மழை’ என்று வகுத்தது இன்று அதே அளவு அரிதாக இருக்கும் என்ற உறுதியும் கிடையாது.

பருவக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் இயல்பு ஏறத்தாழ 44 செ.மீ. இயல்பிலிருந்து 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’ என்றே அறிவிப்பார்கள். மூன்று மாதத்தில் பெய்ய வேண்டியது நான்கே நாளில் கொட்டித் தீர்த்திருந்தாலும் அறிவிப்பில் ‘இயல்பான மழை’ என்றே வரும். மொத்தத்தோடு மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையையும் போடுங்கள்.

வெயில் செய்தி: சதமும் கத்திரியும்

‘12 இடங்களில் சதமடித்தது வெயில்’ என்பது நம் தனி மரபு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். வேலூரில் மே மாதத்தில் அது வழக்கமான நாள். கொடைக்கானலில் கற்பனைக்கு அப்பாற்பட்டது. வெப்ப அலைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வரையறை வேறு. சமவெளியில் குறைந்தது 40 செல்சியஸ், கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 எட்டியிருக்க வேண்டும். அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலைதான். எனவே சதத்தைத் தலைப்பில் வைத்தாலும் முதல் பத்தியில் ‘இயல்பைவிட எத்தனை டிகிரி’ என்பது வந்தாக வேண்டும். காலநிலை மாற்றம் கண்ணுக்குத் தெரியும் இடம் அந்த வித்தியாசம்தான்.

ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது நடக்கும் ஒரு விபத்தையும் சொல்லிவிட வேண்டும். வெப்பநிலையை மாற்ற 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டுவோம். வெப்பநிலை உயர்வை மாற்றும்போது 32 கூட்டவே கூடாது. ‘புவி 1.5 டிகிரி சூடாகும்’ என்பதை ‘34.7 டிகிரி ஃபாரன்ஹீட் சூடாகும்’ என்று எழுதினால் மொத்தக் கட்டுரையும் போயிற்று. சரியான விடை 2.7.

கத்திரி வெயில் பஞ்சாங்கத்தின் கணக்கு. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை. வானிலைத் துறைக்கு அப்படியொரு காலம் கிடையாது. ஆனாலும் அந்தச் செய்தியைக் கைவிட வேண்டாம். வாசகர் தானே எதிர்பார்த்து வந்து படிக்கும் செய்தி அது. வெப்பத்தைப் பற்றிய அக்கறை அன்றைய வெயிலோடு ஏறி இறங்குகிறது என்பதை 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டியது: அன்றைய நாள் வழக்கத்தைவிடச் சூடாக இருப்பதாக நினைத்தவர்கள் புவி வெப்பமாதலைக் கூடுதலாக நம்பினார்கள், கவலைப்பட்டார்கள். காது திறந்திருக்கும் அந்த நாளில் இரண்டு வரி சேருங்கள்: உங்கள் ஊரின் மே மாதச் சராசரி அதிகபட்சமும் குறைந்தபட்சமும் 30, 40 ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கின்றன என்று. குறைந்தபட்சத்தை மறக்க வேண்டாம். இரவு தணியாத வெப்பமே உடலை வாட்டுகிறது. நம் செய்திகளோ பகல் உச்சத்தோடு நின்றுவிடுகின்றன. கடலோர ஊர் என்றால் ஈரப்பதத்தையும் போடுங்கள். சென்னையின் 38 டிகிரியும் கரூரின் 38 டிகிரியும் உடம்புக்கு ஒன்றல்ல.

அளவு எங்கே எடுக்கப்பட்டது என்பதிலும் கறாராக இருங்கள். வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் இருக்கும். காரின் திரை காட்டும் 46-ம், கைப்பேசிச் செயலி சொல்லும் ‘உணரப்படும் வெப்பநிலை’யும் அதோடு ஒப்பிடத் தக்கவை அல்ல.

வெயில் சாவுகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஆனால் வெயிலில் வேலை பார்த்துச் சுருண்டு விழுந்தவரின் இறப்பு பெரும்பாலும் ‘மாரடைப்பு’ என்றே பதிவாகிறது. ஆகவே ‘இந்தக் கோடையில் வெயிலுக்கு யாரும் பலியாகவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘வெயிலால் என்று பதிவான இறப்பு இல்லை’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, சாலை போடுபவர்களும் செங்கல் சூளைக்காரர்களும் எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துகிறார்கள் என்று கேட்டுப் போடுங்கள். தர்பூசணி படமும் மெரினாவில் குளிக்கும் சிறுவர்கள் படமும் வெயிலைக் கொண்டாட்டமாக்கிவிடுகின்றன. தலையில் துணி கட்டிக்கொண்டு தார் கொட்டுபவரின் படம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

புவி வெப்பமாதலின் பங்கை எப்படிச் சொல்வது

பின்னணி எண்கள் குறைவாகவே போதும். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை, 1850 – 1900 காலத்தைவிட 1.1 செல்சியஸ் கூடியிருந்தது. 2024-ஆம் ஆண்டின் சராசரி 1.5-ஐத் தாண்டியது. (ஓர் ஆண்டு தாண்டியதால் பாரிஸ் ஒப்பந்த எல்லை உடைந்ததாகாது. அது இருபது ஆண்டு அளவிலான நீண்ட சராசரியைப் பற்றியது.) ஒரு டிகிரி சூடானால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெருமழை வலுப்பதற்கான அடிப்படைக் காரணம் இதுவே.

இந்தப் பொது உண்மைக்கும் ‘நேற்றைய மழை இதனால்தான்’ என்பதற்கும் இடையே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டுவதற்குத் தனி ஆய்வுமுறையே உள்ளது. புவி சூடாகாத உலகத்தையும் இன்றைய உலகத்தையும் பதிவுகளாலும் கணினி மாதிரிகளாலும் ஒப்பிட்டு, இப்படியொரு நிகழ்வு எத்தனை மடங்கு சாத்தியமானது, எவ்வளவு தீவிரமானது என்று கணக்கிடுகிறார்கள். ‘வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்’ என்ற குழு பெரும் நிகழ்வு நடந்து ஓரிரு வாரத்திலேயே இதை வெளியிடுவதுண்டு. அது விரைவு ஆய்வு, அப்படியே குறிப்பிடுங்கள்.

மூன்று முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுதும் கை தானே நிதானிக்கும். 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பத்தைக் காலநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு சாத்தியமாக்கியது, ஏறக்குறைய 1 டிகிரி கூட்டியது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு முன் ஒரே நாளில் கொட்டிய மழை சுமார் 10 சதவீதம் வலுத்திருந்தது. 2015 சென்னை மழையிலோ புவி வெப்பமாதலின் பங்கை அடுத்த ஆண்டு வெளியான ஆய்வால் கண்டறிய முடியவில்லை. காற்றிலுள்ள புகையும் தூசும் வெயிலை மறைத்து, வங்கக் கடல் சூடாவதை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. ‘கண்டறிய முடியவில்லை’ என்பதை ‘பங்கே இல்லை’ என்று மாற்றி எழுதக் கூடாது. அதே நேரம், பத்தாண்டு கழித்தும் 2015 வெள்ளத்தைக் காலநிலை மாற்றத்தின் தெளிவான சான்றாக எழுதிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை.

நம்பிக்கையின் வரிசை இப்படிப் போகும்: கடும் வெப்பம் பற்றி மிக உறுதியாகச் சொல்லலாம். பெருமழை பற்றி உறுதியாக, ஆனால் ஊருக்கு ஊர் வேறுபாட்டோடு. வறட்சி பற்றி இன்னும் கவனமாக. புயல்களின் எண்ணிக்கை பற்றி மிகுந்த எச்சரிக்கையோடு. ‘வங்கக் கடலில் புயல்கள் பெருகிவிட்டன’ என்ற வாக்கியம் வேண்டாம். அண்மைப் பத்தாண்டுகளில் கூடியிருப்பது அரபிக் கடலில். வேறு இடத்தின் முடிவை நம் ஊருக்கு இழுத்துவருவதும் வழக்கமான பிழை. 1950 – 2015 காலத்தில் பரவலான அதிதீவிர மழை நிகழ்வுகள் மூன்று மடங்கானது மத்திய இந்தியாவில். தென்மேற்குப் பருவமழை பற்றிய அந்த எண்ணை வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நாகப்பட்டினத்துக்குப் பொருத்த முடியாது.

ஆய்வு எதுவும் கையில் இல்லாத அன்று இந்த வடிவம் உதவும்: ‘புவி சூடாகிவருவதால் இதுபோன்ற பெருமழைகள் வலுக்கும் என்பது அறிவியல் முடிவு. இந்த மழையில் அதன் பங்கு எவ்வளவு என்பதற்கு இதுவரை ஆய்வு இல்லை.’ இரண்டு வாக்கியமும் சேர்ந்தே போக வேண்டும். இடப் பற்றாக்குறையில் இரண்டாவதை வெட்டினால் மிகை. முதலாவதை வெட்டினால் மழுப்பல்.

தண்ணீர் ஏன் நின்றது

இந்தப் பத்திக்கு ஊரின் நீர்வழி தெரிந்திருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஏரி அல்லது கண்மாய், அதற்கு வரத்துக்கால்வாய் எது, கலங்கல் (ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழியும் இடம்) எங்கே, கலங்கல் தண்ணீர் போகும் ஓடை எந்தத் தெரு வழியாக எங்கே சேர்கிறது. பழைய நில அளவை வரைபடத்தில் இருந்த ஓடை இப்போது இல்லையென்றால் செய்தி அங்கேதான் இருக்கிறது.

அணை, ஏரிச் செய்திகளில் கனஅடியையும் டி.எம்.சி.யையும் (நூறு கோடி கனஅடி) இணைக்க ஒரு சூத்திரம்: நொடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்டதாக அரசு சொன்ன உச்ச அளவு நொடிக்கு 29,000 கனஅடி. அந்த வேகம் ஒரு நாள் நீடித்தால் இரண்டரை டி.எம்.சி. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி. இப்படிப் போட்டால், அடையாற்றின் கரையில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி தானே எழும்: முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க முடியாதா? செம்பரம்பாக்கம் உட்படச் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகள், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், 2019 ஜூனில் வறண்டு கிடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். திறந்துவிடுவதா, தேக்குவதா என்ற முடிவின் கனம் அப்போதுதான் புரியும்.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். வழக்கமாக வருவது இது: ‘கொட்டித் தீர்த்த வரலாறு காணாத கனமழை! காலநிலை மாற்றத்தால் சீறிய இயற்கை, மிதக்கிறது நகரம்.’ இதில் எண் இல்லை, இடம் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. மாற்றி எழுதினால் (எண்கள் மாதிரிக்கு மட்டும்):

‘நேற்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 18 செ.மீ. மழை பதிவானது. இது மிகக் கனமழை. இந்த நிலையத்தில் நவம்பரில் ஒரே நாளில் இதைவிட அதிகம் பெய்தது கடைசியாக 2008-இல். புவி சூடாகிவருவதால் இதுபோன்ற மழைகள் வலுக்கும் என்கிறது அறிவியல். இந்த மழையில் அதன் பங்கு குறித்து ஆய்வு இதுவரை இல்லை. பேருந்து நிலையத்தில் மூன்று அடி தண்ணீர் நிற்பதற்குக் காரணம் வேறு. பெரிய ஏரியின் கலங்கல் ஓடை நிலையத்தின் பின்புறச் சுவரோடு நின்றுவிடுகிறது. அதை ஆற்றோடு இணைக்கும் 400 மீட்டர் வடிகால் வேலை இரண்டு ஆண்டாக முடியவில்லை.’

ரெட் அலர்ட் பொய்க்கும் நாள்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். பெருமழை நகரை விட்டு விலகி வடக்கே போனது. அடுத்த நாள் முழுக்கக் கிண்டல்.

நிற எச்சரிக்கை என்பது எவ்வளவு தயாராக வேண்டும் என்பதற்கான அடையாளம். பச்சை: எச்சரிக்கை இல்லை. மஞ்சள்: கவனித்திருங்கள். ஆரஞ்சு: தயாராகுங்கள். சிவப்பு: செயலில் இறங்குங்கள். மழை இத்தனை செ.மீ. பெய்தே தீரும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது. வங்கக் கடலில் வரும் சின்னம் 50 கி.மீ. வடக்கே நகர்ந்தால் சென்னை தப்பும், திருப்பதி நனையும். எச்சரிக்கை வரும் அன்றே ‘பாதை சற்று விலகினால் மழை குறையலாம்’ என்ற வரியைச் செய்திக்குள் வைத்துவிடுங்கள். பொய்த்த பிறகு வைத்தால் அது சப்பைக்கட்டாகவே கேட்கும். ‘மக்களே உஷார்’ என்பதற்குப் பதில் எந்தத் தாலுகா, எந்த மணிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படி ஒருமுறை பொய்த்தால் உடனே வரும் கேள்வி: ‘நாளைய மழையையே சொல்லத் தெரியவில்லை, 2050-ஐ எப்படிச் சொல்வார்கள்?’ கேள்வி நியாயமானதுதான்; பதிலும் நம்மிடமே இருக்கிறது. ஐப்பசியில் எந்தத் தேதியில் மழை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஐப்பசி அடைமழை என்பதும், மார்கழியைவிடச் சித்திரை சுடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாளின் கணிப்பும் காலத்தின் கணிப்பும் வேறு வேறு வேலை. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியிலும் இதையே சொல்லலாம்.

படமும் விவாத மேடையும்

வெள்ளப் படம் வந்ததும் தலைகீழ்ப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். 2015-இன் படங்கள் ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வருகின்றன. வீடியோ என்றால் நடுவில் இரண்டு மூன்று பிரேம்களைப் படமாக எடுத்துத் தேடுங்கள். கடைப் பலகையின் மொழி, பேருந்தின் நிறம், வண்டி எண்ணின் முதல் இரண்டு எழுத்து ஆகியவை பெரும்பாலும் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு கட்சிப் பேச்சாளர்களை உட்காரவைத்தால், ஆக்கிரமிப்பு யார் ஆட்சியில் நடந்தது என்பதைத் தாண்டி ஓர் அடி நகராது. இரண்டு நாற்காலியைக் குறையுங்கள். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர், தண்ணீர் புகுந்த தெருவிலிருந்து ஒருவர் வரட்டும். வானிலை அறிஞரிடம் ‘இது காலநிலை மாற்றமா, இல்லையா?’ என்று ஒற்றைச் சொல் விடை கேட்காதீர்கள்; ‘இதில் எதை உறுதியாகச் சொல்ல முடியும்?’ என்று கேளுங்கள். புவி வெப்பமாதல் உண்மையா என்று விவாதிக்க ‘எதிர்த்தரப்பு’ ஒருவரைத் தேடிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. பி.பி.சி. இந்தத் தவறைச் செய்து, 2018-இல் தன் செய்தியாளர்களுக்கு மறுப்பாளரைச் சமநிலைக்காக அழைக்கத் தேவையில்லை என்று குறிப்பு அனுப்பியது.

உள்ளூர்ப் பொருளைப் பிடித்துக்கொண்டு சொன்னால் பேச்சு தங்கும். அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில், ஜிம் கேண்டி என்ற தொலைக்காட்சி வானிலையாளர் 2010-இல் தன் வழக்கமான நேரத்துக்குள் சிறு காலநிலைப் பகுதிகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, கொல்லையில் வளர்ந்து தோலை அரிக்கும் ஒரு நச்சுக்கொடி. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக்கூட அது செழிப்பதைப் பற்றிப் பேசினார். நமக்குத் தூத்துக்குடி உப்பளம் இருக்கிறது. பருவம் தவறிய ஒரு மழை பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும். மீனவர் கடலுக்குப் போகாத நாட்களின் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எத்தனை நாள் கூலி போயிற்று என்று துறைமுகத்திலேயே கேட்டு எழுதலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு

நாட்குறிப்பில் தேதிகளை இப்போதே போட்டுவிடுங்கள். மூன்றாம் நாள்: மழை அளவு, ‘சாதனை’ எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்த்து, தவறு இருந்தால் அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தம். பதினைந்தாம் நாள்: ஆய்வு ஏதாவது வந்ததா. மூன்றாம் மாதம்: அறிவித்த நிவாரணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூன்: தூர்வாரும் டெண்டர். செப்டம்பர் கடைசி வாரம்: வடிகால் வேலை முடிந்ததா என்று நேரில்.

நேரில் போவதற்கான அடித்தளத்தை வெள்ளத்தன்றே போட்டுவைக்க வேண்டும். தண்ணீர் இறங்கியதும் சுவரில் பழுப்பாக ஒரு கோடு நிற்கும். இரண்டு நாளில் வெள்ளையடித்துவிடுவார்கள், அதற்குள் போங்கள். ஐந்து தெருவில் ஐந்து சுவர். சாலை மட்டத்திலிருந்து கோடு வரை டேப் பிடித்துச் சென்டிமீட்டரில் குறித்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள். கதவு எண்ணும் தேதியும் குறிப்பில் இருக்கட்டும். வீட்டு வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் அளந்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே சுவருக்கு அதே டேப்போடு போகும்போது, பழைய கோடு இருந்த இடம் சாலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதுபோலத் தெரியும் சுவர்கள் இருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதிதாகப் போட்டிருப்பார்கள். வாசற்படி அளவை எடுத்துப் பார்த்தால் சாலை எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணையும் செய்தியில் போடுங்கள்.